எஸ் இல்லாத நரியும் வாய் திறக்காத பியும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. மார்ச் கணக்கு முடிப்பு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டே ஆடிட், இரண்டுக்கும் நடுவில் நாக்பூர் வெயில். பேங்க்காரன் வீட்டில் ஏப்ரல் மாதம் நல்லது கெட்டது எதுவும் நடக்கக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டால் தேவலை. இந்த வருஷம் அந்த ஏப்ரலில்தான் சின்னவளுக்கு டிக்டேஷன் டெஸ்ட் வந்தது. அதிலிருந்து கிளம்பிய புலம்பல்தான் கீழே. கொஞ்சம் நீளம். டீயைப் போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ஒரு சின்ன ஏற்பாடு. நான் எழுதுவதையெல்லாம் கோவில்பட்டியில் அம்மா போனில் எழுத்தைப் பெரிசாக்கிப் படிக்கிறாள். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அதனால் ஆங்கில எழுத்து ஒன்றுகூடப் போடாமல் ஆங்கில ஸ்பெல்லிங்கைப் பற்றி எழுதிவிடுவது என்று வீம்பாக உட்கார்ந்தேன். சொந்தச் செலவில் சூனியம். மூன்றாவது வரியிலேயே மாட்டிக்கொண்டேன். ஆங்கிலத்தில் பி இரண்டு, டி இரண்டு. தமிழில் எழுதினால் எல்லாம் ஒன்றுதான். அதனால் வேறு கிளைக்குப் போனில் பெயர் சொல்லும்போது நாங்கள் செய்வதையே இங்கேயும் செய்கிறேன். பாம்பே பி, பாட்னா பி, டெல்லி டி, திருச்சி டி. குழம்பினால் மறுபடி இந்தப் பத்திக்கு வாருங்கள்.

நிற்க. சின்னவள் இப்போது ஆறாம் வகுப்பு. டிக்டேஷனில் 20-க்கு 11. தப்பான ஒன்பதில் சில: கடன் என்று பொருள்படும் டெட், சந்தேகம் என்கிற டவுட், ரிசீட், தீவு என்கிற ஐலண்ட், குதிரை வீரன் நைட், பேய் என்கிற கோஸ்ட், பட்டாளத்து கர்னல். பேப்பரைப் பார்த்தேன். டெட் என்பதற்கு டெல்லி டி, ஈ, திருச்சி டி. டவுட்டில் பி இல்லை. ஐலண்டில் எஸ் இல்லை. கோஸ்ட்டில் ஹெச் இல்லை. பிள்ளை காதில் விழுந்ததைக் கையால் எழுதியிருந்தது. அவ்வளவுதான் குற்றம்.

என் அப்பா எனக்குச் செய்ததை நான் செய்தேன். "ஒவ்வொண்ணையும் இருபது தடவை எழுது."

"எழுதறேன். ஆனா இந்த டெட்ல பி எதுக்குப்பா உட்காந்திருக்கு? ஒண்ணுமே பேசாம?"

"அது அப்படித்தான். கேள்வி கேக்காம எழுது."

அடுக்களையிலிருந்து தங்கமணி எட்டிப் பார்த்து, "உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லுங்களேன்" என்றாள். உண்மைதான். கடன் பிரிவில் பதினாலு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். அந்தச் சொல்லை எழுதாத நாளில்லை. அந்த பி எதற்கு என்று ஒரு நாளும் எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. பிள்ளை அழுதுகொண்டே எழுதியது. மறுநாள் வயிற்று வலி, ஸ்கூல் வேண்டாம் என்றது. வெள்ளிக்கிழமை தோறும் டிக்டேஷன் என்று பிறகுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை தோறும் வயிற்று வலியும் வந்தது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவளைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று லேப்டாப்பைத் திறந்து, எனக்கு மறக்கவே மறக்காத ஒரே ஆங்கில வாக்கியத்தை அடித்துக் காட்டினேன். இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுற்றியாக வேண்டும்.

1997, பிளஸ் டூ பரீட்சை முடிந்த லீவு. ரிசல்ட் வருவதற்குள் டைப்ரைட்டிங் லோயர் முடித்துவிட வேண்டும் என்பது அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் எழுதப்படாத விதி. மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கீழே வரிசையாக ரெமிங்டன் மெஷின்கள், ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று ஒரே தாளத்தில் சத்தம். விரல் பழகியதும் மாஸ்டர் போர்டில் ஒரு வாக்கியம் எழுதிப் போடுவார். பழுப்பு நிற நரி ஒன்று சோம்பேறி நாயைத் தாண்டிக் குதிக்கிற வாக்கியம். த க்விக் ப்ரௌன் ஃபாக்ஸ். ஆங்கிலத்தின் 26 எழுத்தும் அதில் வந்துவிடும் என்பதால் எல்லா விரலுக்கும் வேலை, எல்லாக் கட்டைக்கும் சோதனை. இப்படி எல்லா எழுத்தும் வரும் வாக்கியத்துக்குப் பேன்கிராம் என்று பெயர். அது எனக்கு இந்த வருஷம்தான் தெரியும். அன்றைக்கு அதன் பெயர் 'நரி லைன்'. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் நரி.

அதைத்தான் அடித்துக் காட்டினேன். "இதுல ஏ முதல் இஸட் வரை எல்லாம் இருக்கு, பாரு." சின்னவள் பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். முடித்துவிட்டுத் தலையைத் தூக்கி, "ப்பா, எஸ் எங்கே?"

எண்ணிப் பார்த்தேன். எஸ் இல்லை. 25 எழுத்துதான்! என் மாஸ்டர் போர்டில் எழுதியது ஜம்ப்டு, அதாவது நரி குதித்தது. சரியான வாக்கியத்தில் ஜம்ப்ஸ், நரி குதிக்கிறது. அந்த நிகழ்காலத்தில்தான் எஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இறந்த காலமாக்கினால் எஸ் செத்துவிடும். இது தெரியாமல் கால் நூற்றாண்டுக்கு மேல் ஓட்டைப் பானையைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். பிள்ளை சிரித்த சிரிப்பு இருக்கிறதே, மூன்று வாரத்து அழுகைக்கு வட்டியும் முதலுமாக.

மாஸ்டர் பாவம், அவரைக் குறை சொல்லக் கூடாது. வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நடுவே டெலிப்ரின்டர் ஹாட்லைன் போட்டு 1963 ஆகஸ்ட் 30-ம் தேதி அமெரிக்கா அனுப்பிய முதல் சோதனைச் செய்தியே இந்த நரிதான். அதிலும் ஜம்ப்டு என்றுதான் இருந்தது. ஆனால் அவர்கள் நாயின் முதுகைத் தாண்டியது என்று எழுதி, நாய்க்குப் பின்னால் ஒரு எஸ்ஸைச் சேர்த்துவிட்டார்கள். எங்கள் மாஸ்டர் முதுகை விட்டுவிட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். வாக்கியமும் பழசு. 1885-ல் பாஸ்டன் பத்திரிகை ஒன்று, கையெழுத்து வாத்தியார்கள் பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுக்கும் வரி என்று இதைச் சொல்லியிருக்கிறது.

அன்று இரவு அப்பனும் மகளும் பேன்கிராம் வேட்டையில் இறங்கினோம். நரி லைனில் 35 எழுத்து. ஐந்து டஜன் மதுக் குப்பிகளைப் பெட்டியில் அடுக்கு என்று ஒன்று, அதில் 32. (தங்கமணி: "பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற லட்சணத்தைப் பாரு.") கறுப்புக் கல்லில் செய்த ஸ்பிங்க்ஸிடம் என் சபதத்துக்குத் தீர்ப்புச் சொல் என்று கேட்கிற வரியில் 29. கடைசியில் ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு எழுத்தும் ஒரே ஒரு தடவை, மொத்தம் சரியாக 26. கூம் ஃபியோர்ட் பேங்க் க்ளிஃப்ஸ் வெக்ஸ்ட் க்விஸ். நடுவில் பேங்க்கைப் பார்த்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிள்ளை கேட்ட முதல் கேள்வி, "இது இங்கிலீஷாப்பா?"

இந்தப் பதிவு எழுத வைத்த கேள்வி அதுதான்.

பார்த்தால் ஆறு சொல்லும் ஆறு திசை. கூம் என்பது வேல்ஸ் நாட்டு மொழியிலிருந்து வந்த சொல், மலை மடியில் கிண்ணம் போல இருக்கும் பள்ளம். சி, டபிள்யூ, எம், மூன்றே எழுத்து. அந்த மொழியில் டபிள்யூ ஓர் உயிரெழுத்து, அதனால்தான் அந்தக் கூட்டணி. ஃபியோர்ட் நார்வேக்காரன் கொடுத்தது, மலைக்கு நடுவில் நுழைந்த கடல். க்ளிஃப் கிரேக்கம், செதுக்கிய குறி. வெக்ஸ்ட் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, அதுவும் பழைய ஸ்பெல்லிங்கில். க்விஸ் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திடீரென்று முளைத்தது, அதன் அப்பன் பெயர் யாருக்கும் தெரியாது. பேங்க்? ஏமாற்றம். அது நம் பேங்க் இல்லை, நீர்க்கரை. ஸ்காண்டிநேவியப் பக்கத்துச் சொல். நம்முடையது இத்தாலியில் காசு மாற்றுகிறவன் போட்டு உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து வந்தது. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே ஸ்பெல்லிங்.

ஒரு வீட்டில் ஆறு விருந்தாளி. ஆறு பேரும் அவரவர் ஊர்ச் சட்டையோடே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்காரன் யாரையும் சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. ஆங்கில ஸ்பெல்லிங் இப்படித்தான். நாம் அதைச் சட்டை என்று சொல்லாமல், "அது அப்படித்தான், எழுது" என்று சொல்லிப் பிள்ளைகளை அடித்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, அந்த பி-க்கு வருகிறேன். கடனுக்கான சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் பி கிடையாது. இங்கிலாந்துக்காரர்களும் பல நாள் பி இல்லாமல்தான் எழுதினார்கள், என் மகள் எழுதிய மாதிரி. பிறகு லத்தீன் படித்த பெரிய மனிதர்கள் வந்தார்கள். இதன் மூலம் லத்தீனில் டெபிடும், அதில் பி இருக்கிறது, நாமும் போடுவோம் என்று போட்டுவிட்டார்கள். எழுத்தில் ஏறியது, வாயில் ஏறவில்லை. நாங்கள் பி.காம். முதல் வருஷம் முதல் நாளிலிருந்து எழுதுகிற டெபிட் இருக்கிறதே, அதுவும் அதே லத்தீன்தான். அதில் பி பேசும், இதில் பேசாது. அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒருவன் வாயாடி, ஒருவன் ஊமை. மூன்று வருஷம் காமர்ஸ் படித்தேன், ஒருத்தர் இதைச் சொல்லவில்லை.

டவுட்டிலும் அதே கதை. ரிசீட்டில் வருகிற பாட்னா பியும் அதே ஆட்கள் வைத்ததுதான். இதில் கூத்து என்னவென்றால், ஏமாற்று என்கிற டிசீட், கர்வம் என்கிற கன்சீட் இரண்டும் ரிசீட்டின் கூடப் பிறந்தவை. அவற்றில் பி வைக்க மறந்துவிட்டார்கள்! ஐலண்டில் உள்ள எஸ் தப்பான ஜாதகம் பார்த்து வைத்தது. சொல் பழைய ஆங்கிலம், லத்தீனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கர்னல் என்ற சொல் இத்தாலியிலிருந்து ஒரு மாதிரியும் பிரான்சிலிருந்து வேறு மாதிரியும் வந்து சேர்ந்தது. எழுதுவதற்கு ஒன்றையும் சொல்வதற்கு இன்னொன்றையும் வைத்துக்கொண்டார்கள். நைட்டில் முன்னால் நிற்கிற கேயும் நடுவில் உள்ள ஜி-ஹெச்சும் ஒரு காலத்தில் வாய் நிறையச் சொன்னவைதான். 1476-ல் காக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். எழுத்து ஈயத்தில் உறைய ஆரம்பித்தது. ஆனால் 1400 தொடங்கி 1700 வரை ஜனங்களின் உச்சரிப்பு, குறிப்பாக உயிரொலிகள், நகர்ந்துகொண்டே இருந்தது. சட்டகம் அப்படியே நிற்க, உள்ளே இருந்த படம் மாறிவிட்டது. கோஸ்ட்டின் ஹெச்சும் அச்சகத்து வரவுதான். காக்ஸ்டன் ஆள் பிடித்தது ஃபிளாண்டர்ஸ் பக்கம். அந்த ஊர்ப் பேய்க்கு ஹெச் உண்டு.

இதையெல்லாம் சின்னவளுக்குச் சொன்னபோது அவள் கேட்டாள், "அப்ப நான் எழுதினது முன்னாடி கரெக்டா இருந்துச்சா?"

பதில் சொல்ல முடியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேறொருவன் ஞாபகம் வந்துவிட்டது. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன்.

2016. இதற்கு முந்தைய கிளை, வேறு ஊர். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன் ஒருவன் கிளார்க்காக வந்து சேர்ந்தான். தமிழ் மீடியம், என்னைப் போலவே. வந்த அன்று "அண்ணே" என்று சொல்லிவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு "சார்" என்றான். எனக்கு ஊர் வாசனை அடித்தது, சந்தோஷமாக இருந்தது. ஒரு நாள் மேலிடத்துக்கு அனுப்ப ஒரு கடிதம் எழுதி வரச் சொன்னேன். நன்றாகவே எழுதியிருந்தான். விஷயம் தெளிவு, கணக்கு சரி. ஆனால் நாலு இடத்தில் ரிசீட், நாலிலும் பாட்னா பி இல்லை. நான் சிவப்பு மையால் நாலையும் வட்டம் போட்டு, காலையில் எல்லோரும் இருக்கும்போது கூப்பிட்டு, "இதுகூடத் தெரியாம எப்படிப்பா பரீட்சை பாஸ் பண்ணின?" என்று கேட்டேன். தமிழில் கேட்டிருந்தால் எங்கள் இரண்டு பேரோடு போயிருக்கும். ஹிந்தியில் கேட்டேன். எல்லோருக்கும் புரிய வேண்டும் அல்லவா.

சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு அந்தத் தம்பி சொந்தமாக ஒரு வரி எழுதவில்லை. பழைய கோப்பில் இருக்கும் கடிதத்தை எடுத்துப் பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றிக் கொண்டுவருவான். ஒரு தடவை தேதியை மாற்ற மறந்து, முந்தின வருஷத் தேதியோடே போய்விட்டது. அதற்கும் திட்டினேன். எட்டு மாதத்தில் மாற்றல் கேட்டு வாங்கிப் போய்விட்டான்.

ஏன் அப்படிச் செய்தேன்? நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கடிதத்திலும் ஒருவர் வட்டம் போட்டார். தனி என்று பொருள்படும் செபரேட். நடுவில் ஏ வரவேண்டிய இடத்தில் ஈ போட்டிருந்தேன். அந்தக் காகிதத்தை மடித்து ரொம்ப நாள் பர்ஸில் வைத்திருந்தேன். பிறகு பேயாக உட்கார்ந்து ஸ்பெல்லிங் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதும், நான் எங்கிருந்து வந்தேன் என்று யாருக்கும் தெரியாமல் போனது. இந்தப் பையன் வந்து நாலு பி-யை விட்டதும் என் குட்டு உடைந்தாற்போல இருந்தது. வட்டம் போட்டது அவனுக்கு இல்லை. அவன் எழுதியது 14-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரன் எழுதின மாதிரிதான் என்று அன்று எனக்குத் தெரிந்திருந்தாலும் வட்டம் போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

என் கட்சி இதுதான். வெளியூரில் இருக்கும் நம் தமிழ் வீடுகளில் ஸ்பெல்லிங் என்பது மொழிப் பாடமாக இல்லை, மானப் பிரச்சினையாகிவிட்டது. அதுவும் தமிழ் மீடியத்திலிருந்து ஏறி வந்த நாம்தான் மோசம். கான்வென்ட் படித்தவர்கள் அலட்டிக்கொள்வதில்லை. பெரிய அதிகாரி மெயிலில் தப்பாக அடித்தால் "அவசரத்தில் அடித்திருப்பார்" என்கிறோம். கவுண்டர் பையன் அதே தப்பைச் செய்தால் "படிப்பு அவ்வளவுதான்" என்கிறோம். தப்பு ஒன்று, தீர்ப்பு இரண்டு.

அப்படியானால் இஷ்டத்துக்கு எழுதலாமா? கூடாது. பேங்க்காரன் அதைச் சொல்ல முடியாது. ஓர் எழுத்து எவ்வளவு பாடு படுத்தும் என்று தினம் பார்க்கிறேன். போன வருஷம் இங்கேயே ஒரு தமிழ் அம்மாள் வந்தார். கணவர் தவறிப்போய்விட்டார், பணத்தை எடுக்க வேண்டும். பெயர் ஆறுமுகம். ஆதாரில் கடைசியில் ஜிக்குப் பிறகு நேரே ஏ. டெபாசிட் ரசீதில் ஜிக்குப் பிறகு ஒரு ஹெச். இறப்புச் சான்றிதழில் ஹெச்சும் இல்லை, நடுவில் யூவுக்குப் பதில் ஓ. எது சரி என்று என்னைக் கேட்டால் என்ன சொல்வேன்? அந்தப் பெயருக்கு ஆங்கிலத்தில் சரியான ஸ்பெல்லிங் என்று ஒன்றே கிடையாது. அறுபது வருஷத்துக்கு முன்னால் ஸ்கூலில் சேர்த்த அன்று வாத்தியார் கைக்கு வந்தது அந்த ஹெச். ஃபிளாண்டர்ஸ்காரன் பேய்க்கு வைத்த மாதிரி. மூவரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம், சாட்சி, முத்திரைத்தாள், அலைச்சல். அந்த அம்மாள் ஒவ்வொரு தடவையும் வந்து, "அவரு பேரு ஆறுமுகந்தான் சார்" என்று மட்டும் சொல்வார். என்னால் முடிந்ததைச் செய்து முடித்துக் கொடுத்தேன். பிள்ளைகளின் பெயரை ஒரே மாதிரி எல்லா இடத்திலும் எழுதி வையுங்கள், புண்ணியமாகப் போகும்.

ஆக ஸ்பெல்லிங் வேண்டும். ஒரேயடியாகத் திருத்திவிடலாம் என்று பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் வெப்ஸ்டர் கலரில் யூவை எடுத்தார், சென்டரில் கடைசி எழுத்துகளை மாற்றினார், நின்றது. நாக்கு என்கிற டங்கை நாலே எழுத்தில் எழுதுங்கள் என்றார், யாரும் வாங்கவில்லை. பெர்னார்ட் ஷா 1950-ல் இறந்தபோது புது எழுத்து உருவாக்க உயிலில் பணம் ஒதுக்கினார். அந்த எழுத்தில் அவருடைய ஒரு நாடகத்தை 1962-ல் அச்சடித்தார்கள். அத்தோடு சரி.

எனக்கு இப்போது அதில் வருத்தம்கூட இல்லை. காரணம் பேங்கிலேயே இருக்கிறது. கையெழுத்துப் போடு என்று சொல்லும் சைனில் ஜி பேசாது. சிக்னேச்சரில் பேசும். சைனில் ஜியை எடுத்துவிட்டால் காதுக்குச் சுகம், ஆனால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். இனிஷியல் மாதிரிதான். கூப்பிடும்போது யாரும் சொல்வதில்லை. எழுதும்போது வேண்டியிருக்கிறது.

இன்னொரு பழைய கிண்டல் உண்டு. ஜி, ஹெச், ஓ, திருச்சி டி, ஐ என்று எழுதி ஃபிஷ் என்று படிக்கலாம் என்பார்கள். இனஃப்பில் ஜி-ஹெச் எஃப் ஆகிறது, விமனில் ஓ இகரமாகிறது, நேஷனில் டி-ஐ ஷகரமாகிறது. ஷா சொன்னதாக எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அவர் பிறப்பதற்கு முன்பே, 1855-லேயே, ஒரு கடிதத்தில் இந்த வேடிக்கை வந்திருக்கிறது. நானும் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஆனால் இது போங்கு. சொல்லின் தொடக்கத்தில் ஜி-ஹெச் வந்தால் ஒருபோதும் எஃப் ஆகாது, கோஸ்ட் போல ஜிதான். டி-ஐ கடைசியில் தனியாக நின்றால் ஷகரம் ஆகாது. எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துச் சத்தம் மாறுகிறது. தமிழ்க்காரனுக்கு இது புதுசா? கடலில் வருகிற க வேறு, பங்கில் வருகிற க வேறு, அகத்தில் வருகிற க வேறு. எழுத்து ஒன்றுதான். இடம் பார்த்து நம் வாய் தானாக மாற்றிக்கொள்கிறது.

நம் பக்கமும் விருந்தாளி வந்தால் குழப்பம்தான். பணம் என்பதில் பாட்னா பி. பயம் என்பதில் பாம்பே பி, ஏனென்றால் அது வடமொழிச் சரக்கு. எழுத்தில் என்ன வித்தியாசம்? நாக்பூரில் பிறந்த என் மகள் 'பயம்' என்பதைப் பாட்னா பி போட்டுத்தான் படிப்பாள். நான் சிரிப்பேன். அது வேறு சிரிப்பு என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் ஸ்பெல்லிங் பீ போட்டியில் நம் பிள்ளைகள் ஜெயிப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1985-ல் பாலு நடராஜன் தொடங்கி வைத்தார். 2019-ல் எட்டுப் பேர் சேர்ந்து ஜெயித்தார்கள், அதில் ஏழு பேர் இந்திய வம்சாவளி. பேரைப் பார்த்துப் பெருமைப்பட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அந்த மேடையில் பிள்ளை என்ன கேட்கிறது என்று கவனித்துப் பாருங்கள். சொல்லைச் சொன்னதும், "இது எந்த மொழியிலிருந்து வந்தது?" என்று கேட்கலாம். நடுவர் பதில் சொல்லியாக வேண்டும். கிரேக்கம் என்றால் ஒரு மாதிரி, பிரெஞ்சு என்றால் ஒரு மாதிரி என்று பிள்ளை அதற்கேற்பக் கணக்குப் போடுகிறது. மனப்பாடமும் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் கேள்வி கேட்க அனுமதி உண்டு. என் வீட்டில் நான் கொடுக்காதது அந்த ஒன்றைத்தான்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு முந்தின ராத்திரி நானும் சின்னவளும் இருபது சொல்லையும் எடுத்து வைத்துக்கொண்டு ஊர் விசாரிக்கிறோம். எல்லாவற்றுக்கும் பதில் கிடைப்பதில்லை, கிடைக்காததை இருபது தடவை இல்லை, மூன்று தடவை எழுதுகிறாள். மார்க் ஒன்றும் வானத்துக்குப் போய்விடவில்லை. போன வாரம் 14. கேரண்டியில் யூவை விட்டுவிட்டாள். கேரண்டியும் வாரண்டியும் ஒரே சொல்தான், ஒன்று நார்மண்டி வழியாகவும் ஒன்று பாரிஸ் பக்கம் வழியாகவும் வந்தது என்று சொன்னேன். வயிற்று வலி குறைந்திருக்கிறது. முழுக்கப் போகவில்லை.

அந்தத் தம்பி இப்போது எங்கே இருக்கிறான் என்று விசாரித்து நம்பர் வாங்கினேன். இன்னும் கூப்பிடவில்லை. ஹிந்தியில் கேட்டதற்குத் தமிழில் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

நேற்று ஊரிலிருந்து அம்மா அனுப்பிய பார்சல் வந்தது. பாட்டில் பாட்டிலாகப் பொடி, ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டி அம்மா கையெழுத்து. சின்னவள் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்து கறிவேப்பிலைப் பொடியில் நின்றாள். அம்மா பள்ளிக்கூடம் முடித்தது 1978-க்கு முன்னால். அந்த வருஷம்தான் அரசாங்கம் எழுத்தைச் சீர்திருத்தியது. அம்மாவின் லை இன்றைக்கும் யானைத் துதிக்கை வைத்த லை.

போனை எடுத்து, "ஆச்சி, கறிவேப்பிலையில ஸ்பெல்லிங் மிஸ்டேக்" என்றாள் சின்னவள். எனக்குப் பகீர் என்றது. அந்தப் பக்கம் அம்மா என்ன சொன்னாளோ, இவள் காகிதத்தை உற்றுப் பார்த்தபடி, "அப்படியா, இது முன்னாடி கரெக்டா?" என்று கேட்டுக்கொண்டே பென்சிலைத் தேடிக்கொண்டு உள்ளே போனாள்.